மலை உண்டு, இழுப்பு இல்லை

காற்று கண்ணுக்குத் தெரியாத பொருள் என்று எங்கள் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியாரான என் அப்பா அந்த வரியை உரக்கப் படித்துக்கொண்டிருக்கும்போதே, காற்று வெள்ளையும் சாம்பலுமாக ஜன்னல் வழியே உள்ளே வந்து கடைசி வரிசைப் பிள்ளைகளை மறைத்துக்கொண்டிருந்தது. அது மார்கழி மாதம். புத்தகம் எழுதியவர் எங்கள் ஊருக்கு மார்கழியில் வந்திருக்க மாட்டார்.

ஜேடர்பாளையத்து அணையிலிருந்து பிரியும் வாய்க்கால் பாய்கிற ஊர் எங்களுடையது. தண்ணீர் இருந்ததால் கரும்பு இருந்தது. கரும்பு இருந்ததால் மார்கழி பிறந்ததும் ஆலை ஆடத் தொடங்கும். ஆலை என்றால் புகைபோக்கி வைத்த பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். காட்டோரத்தில் ஓலை வேய்ந்த கொட்டாய் ஒன்று. அதற்கு வெளியே கரும்பை நசுக்கும் இரும்பு உருளைகள், அவற்றைச் சுற்றிச் சுற்றி இழுக்க ஒரு ஜோடி மாடு. உள்ளே சாறு காய்ச்ச ஆளுயர அகலத்தில் ஒரு கொப்பரை, அதன் கீழே குழி அடுப்பு. சாறு பிழிந்த சக்கையையே அடுப்பில் போட்டு எரிப்பார்கள். நன்றாகக் காய்ந்த சக்கை நெருப்பாக எரியும். காயாத சக்கை புகையாக எரியும். மார்கழியில் எந்தச் சக்கையும் காய்வதில்லை.

மற்ற மாதமாக இருந்தால் புகை தன் வழியே மேலே போய்விடும். மார்கழி விடியற்காலையில் அதற்கு மேலே போக அனுமதி கிடையாது. பனி மேலிருந்து அழுத்தும். வாடைக்காற்று வடக்கிலிருந்து மெல்லத் தள்ளும். புகை வரப்போடு வரப்பாகத் தவழ்ந்து ஊருக்குள் வந்து, வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி, பிறகு ஒவ்வொரு வீட்டிலும் நுழையும். ஊரில் ஆலைகள் நான்கைந்து இருந்தன. எங்கள் வீட்டுக்கு நேர் வடக்கே, வாடையின் வழியில், இருந்தது ஒன்றுதான். அது என் பெரியப்பாவின் ஆலை.

எனக்கு ஒன்பது வயது. இழுப்புக்காரி. மூச்சை உள்ளே வாங்குவதில் சிரமமில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில்தான் தகராறு. விடிகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவேன். நெஞ்சுக்குள் யாரோ பழைய ஏற்றத்தை இறைப்பது போல ஒரு கீச்சுச் சத்தம் வரும். அந்தச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும் என்று அம்மா சொல்வாள். எனக்கு அது கேட்காது. மூச்சு முட்டுகிறவருக்கு வேறெதுவும் கேட்பதில்லை.

வீட்டார் சும்மா இருக்கவில்லை. பனிதான் காரணம் என்று முடிவு செய்து, பனி நுழையாமல் கதவு ஜன்னல்களை எல்லாம் சாத்தினார்கள். ஓட்டுச் சந்துகளில் பழந்துணி அடைத்தார்கள். அடைத்த அறைக்குள் என்னை உட்காரவைத்து, ஒரு சட்டி நிறையத் தணல் போட்டு, சாம்பிராணியும் ஓமமும் வேப்பிலையும் தூவி மூட்டம் போட்டார்கள். வெளியே இருந்த புகைக்கு உள்ளே இருந்த புகை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. நான் பிழைத்தது அவர்களுடைய அன்பையும் மீறித்தான். ஆனாலும் அந்தச் சட்டிக்கு முன்னால் அம்மா என் முதுகைத் தடவியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்ததை நினைத்தால், சாம்பிராணி மேல்கூட எனக்குக் கோபம் வருவதில்லை.

காரணம் சொல்வதில் ஆளுக்கொரு கட்சி. பெரியம்மா வாழைப்பழம் என்றாள். அம்மா சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றாள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ரோஸ் நிறத்தில் ஒரு மருந்தைக் கொடுத்து, பரம்பரை என்றார். அப்பாவுக்கு அபிப்பிராயத்தில் நம்பிக்கை கிடையாது, எழுத்தில்தான் நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் மீந்து கிடந்த வருகைப் பதிவேடு ஒன்றை என்னிடம் கொடுத்து, கோடு போட்டு, தினமும் எழுது என்றார். தேதி, வாழைப்பழம், எண்ணெய், இழுப்பு, குறிப்பு என்று கட்டங்கள். உண்டு அல்லது இல்லை என்று நிரப்ப வேண்டும்.

நானாகச் சேர்த்த கட்டம் ஒன்று உண்டு. அது மலை. எங்கள் ஊரிலிருந்து வடக்கே பார்த்தால் தூரத்தில் திருச்செங்கோட்டு மலை நீலமாகத் தெரியும். காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் ஊரில் யாரும் பல் விளக்குவார்கள். மலை தெரியாத நாளில், இருக்கிற இடத்தை உத்தேசமாகப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வார்கள். சாமிக்கு உத்தேசம் போதும். பதிவேட்டுக்குப் போதாது. ஆகவே மலை உண்டு, மலை இல்லை என்று எழுதினேன். கட்டம் ஒன்று காலியாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.

மார்கழி பாதி போவதற்குள், அதற்கு முன் எவரும் கவனிக்காத ஒன்றை அப்பா கவனித்தார். வாழைப்பழக் கட்டமும் இழுப்புக் கட்டமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அலைந்தன. எண்ணெய்க் கட்டமும் அப்படியே. மலைக் கட்டமும் இழுப்புக் கட்டமும் மட்டும் புருஷன் பெண்சாதி போலக் கூடவே நடந்தன. மலை இல்லை என்ற நாளெல்லாம் இழுப்பு உண்டு. மலை உண்டு என்ற நாளில் இல்லை. ஆலையில் மாட்டுக்குக் கால் பிசகி நான்கு நாள் அடுப்பு மூட்டாத போது, பனி இருந்தும் சீக்கிரமே மலை தெரிந்தது. நான் வாசலில் பாண்டி ஆடினேன். அப்பா பதிவேட்டை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்காள், ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே கரும்பு ஆலை கிடையாது என்பதால், இழுப்பு நிற்காவிட்டால் பொங்கலுக்கு வரும்போது என்னைக் கையோடு கூட்டிப்போய்விடுவது என்று பேச்சாகியிருந்தது. நல்ல மனசு. அவளுக்குக் கைக்குழந்தைகள் இரண்டு. தூக்கிவைத்துக்கொள்ள ஒரு பெண் பிள்ளை தேவை என்பதும் அந்த நல்ல மனசோடு சேர்ந்ததுதான். அங்கே போனால் மூச்சு வரும், பள்ளிக்கூடம் வராது. எங்கள் வீட்டில் பெண் படிப்பதே அப்பா வாத்தியார் என்பதால் நடந்த முறைகேடு. வேறு வீட்டில் அதைத் தொடர வழியில்லை. இது எனக்குத் தெரியும். ஒவ்வொரு விடியற்காலையும் பாயில் கை ஊன்றி உட்காரும்போது, பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் எண்ணுவேன்.

அப்பாவுக்கு ஒரு கஷ்டம் வந்தால் மனு எழுதுவார். ஊராருக்கு வந்தாலும் அவர்தான் எழுதுவார். தாசில்தாருக்கு மனு எழுதுவது என்று தீர்மானித்து, இரண்டு நாள் உட்கார்ந்து வாசகம் அமைத்தார். சுத்தப் பிரதி எடுத்தவள் நான். என் கையெழுத்து அப்போதே நன்றாக இருக்கும். மேற்படி ஊரில், மனுதாரர் வீட்டுக்கு வடபுறம், மேற்படியார் நடத்தி வரும் ஆலையின் புகையால் மனுதாரரின் மைனர் குமாரத்தி சுவாச உபாதை அடைவதாகவும், ஐயா அவர்கள் சமூகம் நேரில் விசாரித்துத் தக்க உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்றும் மனு சொன்னது. என் பதிவேட்டின் நகல் இணைப்பாகச் சேர்ந்தது. ஸ்டாம்பு ஒட்டியாயிற்று. அப்பாவின் கொள்கைப்படி உள்ளூரில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். கம்பவுண்டர் ஒன்று போட்டார். இரண்டாவதுக்கு ஆள் அகப்படவில்லை. ஆலை ஆடும் காலத்தில் ஊரில் பெரியப்பாவிடம் ஒரு சொம்பு கருப்பஞ்சாறாவது வாங்கிக் குடிக்காத வீடு கிடையாது. எல்லாருக்கும் அன்றைக்குப் பார்த்துக் கை வலித்தது.

எங்கள் குடும்பத்தில் அண்ணனைக் கேட்காமல் தம்பி எந்தக் காரியமும் செய்ததில்லை. அண்ணன் மேல் புகார் கொடுப்பதும் ஒரு காரியம்தான் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேலும், அவர் கேட்டு இல்லையென்று சொல்லாத ஆள் ஊரில் ஒருவர்தான். ஒரு சனிக்கிழமை காலை, மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மைக்கூட்டை என் கையில் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்க ஆலைக்குப் புறப்பட்டார்.

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ மனுக்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்மனுதாரரிடமே சாட்சிக் கையெழுத்து வாங்கப் போன மனுதாரர் என் அப்பா ஒருவர்தான்.

பெரியப்பா கொட்டாயில் அச்சுப் பலகையிலிருந்து வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வெல்லம் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"என்ன தம்பி, பள்ளிக்கூடம் இல்லியா?"

"சனிக்கெழமைங்கண்ணா. ஒரு கையெழுத்து வேணும்."

"போட்டாப் போச்சு. யாரு மேல?" அப்பா காகிதத்தோடு வந்தால் அது எவர் மேலாவதுதான் இருக்கும் என்பது ஊரறிந்தது.

அப்பா உருளையைப் பார்த்தார். "ஒரு ஆலக்காரரு மேலங்க."

"மேலக்காட்டானா? அவன் எதுக்கும் துணிஞ்சவனாச்சே. குடு இங்க." பெரியப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அப்பா சொல்லிக்கொடுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கியவர், என்ன நினைத்தாரோ, "சித்தெ படி, கேட்டுக்கறேன்" என்றார்.

"கண்ணாடி கொண்டாரலீங்கண்ணா" என்றார் அப்பா. கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.

பெரியப்பா அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மிணி படிக்கட்டும்."

எனக்கு ஒரே சந்தோஷம். என் கையெழுத்து, என் குரல். பரீட்சைக்கு நிற்பது போல நேராக நின்று, ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கி ஒரு மேற்படி விடாமல் படித்தேன். வடபுறம் என்ற இடத்தில் மாடு ஓட்டுகிறவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை நிறுத்தினார். அடுப்புக்குச் சக்கை தள்ளுகிறவர் தள்ளுவதை நிறுத்தினார். மேற்படியார் நடத்தி வரும் ஆலை என்ற இடத்தில் பெரியப்பா, "நம்முளுதா தம்பி?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். நான் நிறுத்தாமல் இணைப்புக்குப் போனேன். அதுதான் எனக்கு முக்கியம். தேதி வாரியாக, மலை இல்லை இழுப்பு உண்டு, மலை இல்லை இழுப்பு உண்டு என்று கடைசி வரை படித்து, மூச்சு வாங்க நின்றேன்.

பெரியப்பா என் முன்னால் குந்தினார்.

"வாழப்பழம் திங்காத நாள்லயும் வந்துச்சா அம்மிணி?"

"வந்துச்சு பெரியப்பா."

"எண்ணெ தேச்சுக்காத நாள்ல?"

"அன்னிக்கும் வந்துச்சு."

"மலை தெரிஞ்ச நாள்ல?"

"வரலீங்க."

"ஒரு நாளு கூட?"

"ஒரு நாளு கூட வரல. எழுதி வெச்சிருக்கறனே!"

பின்னாளில் வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. அவர் எழுந்து, காகிதத்தை முட்டியின்மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக உழுது, தன் பெயரைச் சாட்சியாகப் போட்டார். மை காயும்வரை ஊதினார்.

"ஏந் தம்பி, இத எங்கிட்ட வந்து சொல்ல உனக்கு வாயில்லியா?"

"சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதாங்கண்ணா சர்க்காருக்கு எழுதுனேன்."

"அது நெம்ப நல்ல ரோசனை" என்றார் பெரியப்பா. அடுப்பு தள்ளுகிறவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

மனு திங்கட்கிழமை தபாலில் போயிற்று. செவ்வாய்க்கிழமை விடியற்காலை புகை வரவில்லை. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பனி இருந்தது, பனி மட்டும்தான் இருந்தது. சூரியன் ஒரு பனை உயரம் வந்த பிறகு வடக்கே மலை நீலமாக எழுந்து நின்றது. அதற்குப் பிறகே ஆலையில் அடுப்பு எரியத் தொடங்கி, புகை நேராக மேலே போயிற்று. புதன்கிழமையும் அப்படியே. பதிவேட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: மலை உண்டு. இழுப்பு இல்லை. திங்கட்கிழமை தபாலில் போட்ட மனுவுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் சர்க்கார் நடவடிக்கை எடுத்துவிட்டது என்று நம்பினேன். பிற்காலத்தில் அதே சர்க்காரில் தபால் பிரித்துத் தேதி போட்டுக் கட்டு கட்டாக அடுக்கியவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி நம்பிய ஜீவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான்.

ஊரில் வேறு பேச்சு. பெரியப்பா திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாராம்; காலையில் மலை தெரிந்து, கும்பிட்ட பிறகுதான் அடுப்பில் நெருப்பு வைப்பதாம். எதற்காக வேண்டுதல் என்று கேட்டவர்களிடம் பெரியம்மா, சாமி காரியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆலையில் அன்று நின்றிருந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி பெண்சாதியோடு நேரில் பேசுவது வழக்கமில்லை என்பதால், பெரியப்பா ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, பெரியம்மாவைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "வெளிய பொகை நின்னு போச்சு. ஊட்டுக்குள்ளாரயும் போட வேண்டாம்னு சொல்லு." அம்மா உள்ளேயிருந்து, "சரீங்கன்னு சொல்லுங்கக்கா" என்றாள். சாம்பிராணிச் சட்டி பரணுக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்து, யாரும் எதிர்பாராத போது, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். விடியற்காலையிலேயே வந்தார். புகை எந்த நேரத்தில் வருகிறது என்று இணைப்பில் கண்டிருந்ததைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். இணைப்பைப் படிக்கிற இன்ஸ்பெக்டரை அதற்குப் பிறகு நான் சந்தித்ததில்லை. ஆலைக் கொட்டாய்க்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"புகை எங்கேய்யா?"

"இல்லீங்க" என்றார் அப்பா.

"மனுவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்?"

"இருந்துச்சுங்க. இப்ப எனக்குக் கொறை ஒண்ணுமில்லீங்க."

"அப்போ மனு பொய்யா?"

"பொய்யில்லீங்க சாமி" என்று முன்னால் வந்தார் பெரியப்பா. "அத்தனையும் நெசம். பொகை நாந்தானுங்க உட்டேன். பாருங்க, கையெழுத்துக் கூடப் போட்டிருக்கறேன்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார். சாட்சியின் பெயரைப் பார்த்தார். மனுவில் இல்லாத எதிர்மனுதாரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுபடியும் சாட்சியின் பெயரைப் பார்த்தார். குற்றம் செய்தவர் செய்தேன் என்கிறார். பாதிக்கப்பட்டவர் இல்லை என்கிறார். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. அந்தக் கவலையை நான் பின்னால் பல வருஷம் அனுபவித்தேன்.

"சரி, ஒருமுறை அடுப்பைப் பற்றவையும். புகையைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறேன்."

"மலை தெரியட்டுமுங்க."

"தெரிந்த பிறகு?"

"அப்பறம் பத்த வெச்சாப் பொகை மேல போயிருமுங்க. கீழ வராது."

"அப்படியானால் நான் எதைப் பார்ப்பது? இப்போதே வையும்!"

பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சர்க்கார் மனிதரை எதிர்த்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அது மட்டும் ஆகாதுங்க" என்றார். "வேண்டுதலுங்க."

இன்ஸ்பெக்டர் மலை தெரியும்வரை காத்திருந்தார். தெரிந்ததும் எழுந்து நின்று அவரும் ஒரு கும்பிடு போட்டார். இரண்டு டம்ளர் கருப்பஞ்சாறு குடித்தார். கொஞ்சம் புளிக்கிறதே என்றார். பெரியப்பா டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தார். நேரில் பார்த்ததில் புகை காணப்படவில்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக்கொண்டு வண்டி ஏறினார். ஒரு வருஷம் வைத்திருந்து கிழித்துப்போட வேண்டிய இனத்தில் அந்த மனு முடிந்திருக்கும். ஆதாரமில்லாத மனு எழுதியதற்காக அப்பாவுக்கு மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, சர்க்கார் உத்தரவு என்று மட்டும் சொல்லிப் பெட்டியில் வைத்தார். எங்கள் கட்சி ஜெயித்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜெயித்தவர்களுக்கு வருகிற புத்தி எனக்கும் வந்தது. வழியில் பெரியப்பாவைப் பார்த்து, "சர்க்காருக்குப் பயந்துட்டீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா அம்மிணி. நெம்பப் பயந்து போனேன்" என்றார்.

தைப் பொங்கல் வந்தது. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு எந்த ஆலை வெல்லம் என்பதை எங்கள் ஊரில் ஒரு முறை வைத்துத் தீர்மானிப்பார்கள். ஒவ்வோர் ஆலையிலிருந்தும் ஓர் அச்சு வெல்லம் கொண்டுவந்து வெள்ளை வேட்டிமேல் வரிசையாக வைப்பார்கள். எது வெளுப்போ அது அம்மனுக்கு. எனக்குத் தெரிந்து எல்லா வருஷமும் அது பெரியப்பாவின் வெல்லம். அந்த வருஷம் அவர் வைத்த அச்சு நனைந்த செங்கல் போல இருந்தது. ஓரம் இளகி வேட்டியில் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் எவரோ, "வேண்டுதல் வெச்ச வெல்லமா இது?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மேலக்காட்டுக்காரர் வெல்லம் அம்மனுக்குப் போயிற்று. அவர்கூடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா வேட்டியிலிருந்து தன் அச்சைப் பிய்த்து எடுத்து, துண்டில் முடிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவரோடு நடந்து வராமல் முன்னால் ஓடி வந்துவிட்டேன்.

அத்தை வந்திருந்தாள். வந்ததும் என் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். "மூச்சு சுத்தமா இருக்குதே!" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கென்று கொண்டுவந்திருந்த தகரப் பெட்டியில் அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு மறுநாள் ஆத்தூருக்கே திரும்பினாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்து சேலத்துக்கு, அங்கிருந்து உத்தியோகத்துக்கு. இன்று மாதம் பிறந்தால் வருகிற பென்ஷன் வரை எல்லாம் அந்தப் பெட்டி என் துணி இல்லாமல் திரும்பியதால் வந்தவை.

மலையைப் பார்த்து அடுப்பு மூட்டும் வேண்டுதல் நான்கு வருஷம் நடந்தது. நான் சேலத்துக்குப் படிக்கப் போன வருஷத்தோடு அது முடிந்துவிட்டது என்று பெரியம்மா சொன்னாள். வெல்லமும் பழைய நிறத்துக்கு வந்து, கோயிலுக்கும் திரும்பிப் போயிற்று என்றாள். இரண்டையும் நான் இரண்டு செய்திகளாகக் கேட்டுக்கொண்டேன்.

உத்தியோகத்தில் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆன பிறகு, வேறொரு ஊர் ஆபீசில், வெல்ல ஆலைகள் சம்பந்தமான ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. அதில் விவசாய இலாகாவின் குறிப்பு ஒன்று. மாடுகள் வெயில் தாங்காது என்பதால் கரும்பை விடியுமுன்பே ஆட்டிவிடுவார்கள். ஆட்டிய சாற்றை உடனே காய்ச்சிவிட வேண்டும். காத்திருந்தால் சாறு புளிக்கும். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு அதிகம் போட்டால் வெல்லம் கறுக்கும், அச்சில் நிற்காமல் இளகும். இதைக் கரும்புக் காட்டில் பிறந்து வளர்ந்த நான் ஆபீஸ் கோப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன். பார்வையிடப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தவள், வெகு நேரம் போடாமல் இருந்தேன். பெரியப்பா காலமாகி அப்போது மூன்று வருஷம்.

அந்தப் பொங்கலன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் எல்லாருக்கும் சாப்பாடு. பெரியப்பா கோயிலிலிருந்து துண்டில் முடிந்து வந்த அந்த அச்சைப் போட்டுத்தான் அம்மா பொங்கல் வைத்திருந்தாள். பொங்கல் மண் நிறத்தில் இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்த வருசம் வெல்லம் நல்லால்ல பெரியப்பா" என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அப்பா இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பெரியப்பா மட்டும், "அந்த நோட்டுல அதையும் எழுதிட்டயா?" என்று கேட்டார்.

எழுதியிருந்தேன். கோயிலிலிருந்து ஓடி வந்ததும் முதல் வேலையாக எழுதியிருந்தேன். எடுத்து வந்து, அவர் இலைக்கு முன்னால் நின்று படித்தேன். மலை உண்டு. இழுப்பு இல்லை. குறிப்பு: பெரியப்பா வெல்லம் கறுப்பு.

அவர் இலையில் இருந்த பொங்கலை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். "மூணும் சரியாத்தான் எழுதியிருக்கறே அம்மிணி" என்றார்.

பாராட்டு கிடைத்த சந்தோஷத்தில் பதிவேட்டை மூடி அணைத்துக்கொண்டேன். மூன்று கட்டங்களில் எழுதியிருந்தது ஒரே செய்தி என்று எனக்குத் தெரியாது.